காகிதம் இருக்கு

கொக்கிரகுளத்தில் மைதீன் பாத்து கடையை மூடியபோது
நானூறு ரூபாய்க்கு இதைத் தூக்கிவந்தேன்.
"சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்,
வேற ஒண்ணும் தெரியாது இதுக்கு" என்றாள்.
கறுப்பு மசி காய்ந்துபோயிருந்தது.
எனக்கு வேண்டியது மஞ்சள்தான்.

முதலில் மூடியைக் கழற்றினேன்.
பிறகு உருளைகளை.
பிறகு, திருப்புளி வழுக்கி,
இடது கட்டைவிரலில் கொஞ்சம் தோலை.

காகிதம் போகிற சந்தில் செம்புத் தகடு போகாது.
ஒன்றரை மில்லிமீட்டர். வளையவும் வளையாது.
அதனால் மேலே ஓடுகிற தலையை உயர்த்தினேன்,
பக்கத்துக்கு நாலு வாஷர் வைத்து.
கீழே ஓடிவரத் தட்டு ஒன்று,
கழித்துப்போட்ட ஜன்னல் சட்டத்தில் அறுத்தது.

அப்போதும் அது நம்பவில்லை.
காகிதம் இல்லை, காகிதம் இல்லை என்று
சிவப்பு விளக்கைச் சிமிட்டியது.
அத்தனை வருஷம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருந்ததல்லவா,
ஏதோ ஒன்று குறைகிறது, நாளைக்கு வா என்கிறது.

உள்ளே தேடினால் ஒரு சின்ன நெம்பு.
தாள் வந்து தட்டினால் சாயும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
கல்யாணப் பத்திரிகை ஒன்றை
இரண்டு விரல் அகலம் வெட்டித் தட்டின் முனையில் ஒட்டினேன்.
நெம்பு சாய்ந்தது.
நான் சொன்ன பொய்களில் ஆகச் சிறியது அது.

முன்னீர்பள்ளத்திலிருந்து உய்க்காட்டான்
நாளைக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறார்.
சித்திரை இடியில் மோட்டார் ஸ்டார்ட்டர் போயிற்று,
உள்ளிருக்கும் பலகை கரிக்கட்டை.
அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை.
வாழை குலை தள்ளுகிற நேரம். "ஆச்சா? எப்பம் ஆவும்?"

முதல் தகட்டில் மசி நிற்கவில்லை,
சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் மாதிரி உருண்டது.
நாரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டாவது.
அது பாதியில் சிக்கி நின்றது.
மூன்றாவதை
தோசைக்கல்லில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தபோது
சவரிமுத்து மில்லிலிருந்து வந்தார்.
"என்னத்தப் போட்டு வாட்டுத? தனியா ஒரு கல் வாங்கு தாயீ."
பிறகு குனிந்து, "ஒண்ணுமே அடிக்கலியே!"

செம்பில் மஞ்சள் அப்படித்தான்.
டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்தால் மட்டும்
கோடு கோடாய் ஒரு மினுக்கம், திருப்பினால் போச்சு.

மைதீன் பாத்து வந்ததும் அன்றைக்குத்தான்.
மகளுக்கு ஏதோ விண்ணப்பம், "ஒரே ஒரு தாள் அடிச்சுத் தா."
உருளைகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன,
காட்டினேன்.
அவள் பாட்டிலைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள்,
எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள்.
"இங்க ரெண்டு கோடு ஒட்டியிருக்கு."
பதினேழு வருஷம்
அடுத்தவர் தகப்பன் பெயரில் பிழை பார்த்த கண்.
நான் லென்ஸ் வைத்தும் விட்டிருந்தேன்.
பிளேடால் சுரண்டினோம், மூச்சை அடக்கி,
அவள்தான் தகட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிக் குளோரைடு கருப்பட்டிக் காப்பி நிறம்.
தயிர் டப்பாவில் ஊற்றி இருபத்தைந்து நிமிஷம் ஆட்டினேன்.
ஓரங்களிலிருந்து செம்பு கரைந்து போனது.
மஞ்சள் படுத்திருந்த இடம் மட்டும் நின்றது.

ஸ்டார்ட்டர் வெள்ளிக்கிழமை ஓடியது.
உய்க்காட்டான் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை,
அதை வைத்துத்தான் ஓடியது என்று தெரியும்.

கரைந்த செம்பெல்லாம் டப்பாவில் இருக்கிறது.
எங்கள் தெரு சாக்கடை பாளையங்கால்வாயில் விழும்.
பக்கத்து ஆற்றுக்குப் பேரிலேயே தாமிரம் உண்டு,
என் பங்குக்கு வேண்டாம்.
கேனில் ஊற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்,
இதோடு மூன்று கேன்.

'விஷம்' என்று பெரிதாய் அடித்து ஒட்டலாம் என்று
தாளை எடுத்துக்கொண்டு அதன்முன் போய் நின்றேன்.
பச்சை விளக்கு எரிந்தது. காகிதம் இருக்கு என்றது.
கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டு
பேனா தேடப் போனேன்.